உப்பு குளோரினேட்டர் மக்கர் செய்தால் எங்கிருந்து தொடங்குவது?

மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி பக்கம் தங்கும் விடுதிகளிலும் தோட்ட வீடுகளிலும் உள்ள சின்ன நீச்சல் குளங்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உப்பு குளோரினேட்டரோடு வரும் கையேடுகள், குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வரும் ஊர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் பக்கம் போர் தண்ணீரே கரிக்கிறது, காற்றிலும் உப்பு இருக்கிறது. அதனால் பேனலில் எரியும் விளக்கை மட்டும் நம்பி வேலை செய்தால் பல நேரம் தப்பான இடத்தில்தான் கை வைப்போம். பெட்டியைத் திறப்பதற்கு முன் தண்ணீரைச் சோதியுங்கள். கீழே உள்ள எல்லாமே அதிலிருந்துதான் தொடங்குகின்றன.

இயந்திரம் செய்வது இதுதான். குளத்து நீரில் லிட்டருக்கு 3 முதல் 3.5 கிராம் உப்பு இருக்க வேண்டும். கடலில் சுமார் 35 கிராம் இருக்கும், அதில் பத்தில் ஒரு பங்கு. தண்ணீர் ஓடும் குழாயில் மாட்டியிருக்கும் பாகம்தான் செல். அதற்குள் ருத்தேனியம் அல்லது இரிடியம் பூசிய டைட்டானியம் தகடுகள் இருக்கின்றன. அவற்றின் வழியாக நேர்மின்சாரம் போகும்போது உப்பிலுள்ள குளோரைடு குளோரினாகிறது. அந்தக் குளோரின் கிருமியைக் கொன்றோ, வெயிலில் சிதைந்தோ மறுபடியும் குளோரைடாகவே தண்ணீருக்குத் திரும்புகிறது. ஆக, குளோரின் தயாரிக்க உப்பு செலவாவதில்லை. பேக்வாஷ் (ஃபில்டரைக் கழுவ நீரை எதிர்த்திசையில் ஓட்டி வெளியேற்றுவது), மழையில் வழிவது, கசிவு, குளிப்பவர்கள் வெளியே இறைப்பது, இந்த நான்கு வழியில்தான் உப்பு குறையும். தண்ணீர் ஆவியானாலும் உப்பு குளத்திலேயே தங்கிவிடும்.

கணக்குக்காக 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.25 மீட்டர் ஆழமுள்ள குளத்தை எடுத்துக்கொள்வோம். 40,000 லிட்டர். திறந்தவெளிக் குளத்துக்கு இருக்க வேண்டிய அளவுகள்: பி.எச். 7.2 முதல் 7.6, காரத்தன்மை 60 முதல் 80 பி.பி.எம்., கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400, குளோரினை வெயிலிலிருந்து காக்கும் சயனூரிக் அமிலம் 60 முதல் 80, கட்டற்ற குளோரின் (அழுக்கோடு சேராமல் மிச்சமிருப்பது) 3 முதல் 5. ஒரு பி.பி.எம். என்பது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். உப்பின் அளவை மட்டும் உங்கள் மாடலுக்குரிய கையேட்டில் பாருங்கள், அது மாடலுக்கு மாடல் மாறும்.

"உப்பு குறைவு" விளக்கு எரிகிறது

முதலில் இது எந்த மாதம் என்று யோசியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை என்றால் விளக்கு உண்மையைச் சொல்லக்கூடும். வடகிழக்குப் பருவமழை குளத்தை நிரப்பி வழியவைக்கும்போது உப்பும் சேர்ந்து வழிகிறது. ஒரே இரவில் 10 செ.மீ. கொட்டினால்கூட நம் கணக்குக் குளத்தில் 3,200 பி.பி.எம். இருந்தது 2,950 பக்கம்தான் இறங்கும். பருவம் முழுக்க 50 செ.மீ. பெய்து வழிந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உப்பு போய்விடும், 2,150 பக்கம் வந்து நிற்கும்.

சித்திரை, வைகாசியில் எரிந்தால் உப்பு மூட்டையைத் தொடாதீர்கள். மழையே இல்லாத காலத்தில் உப்பு குறைய வேண்டுமென்றால் குளத்தில் கசிவு இருக்க வேண்டும், இல்லை யாரோ பேக்வாஷை மணிக்கணக்கில் ஓடவிட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் சந்தேகம் செல் மேல்தான். பெரும்பாலான பேனல்கள் உப்பை நேரடியாக அளப்பதில்லை. செல் வழியே எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று பார்த்து, அதை வைத்து உப்பைக் கணக்கிட்டுச் சொல்கின்றன. தகட்டில் சுண்ணாம்பு படிந்தால் மின்னோட்டம் குறையும். பூச்சு தேய்ந்தாலும் குறையும், கனெக்டர் பச்சை பிடித்திருந்தாலும் குறையும். மூன்றையும் பேனல் "உப்பு குறைவு" என்றே காட்டும். அதை நம்பி இரண்டு மூட்டையைக் கொட்டிவிட்டு, பிறகு செல்லைச் சுத்தம் செய்தால் அடுத்த நாளே "உப்பு அதிகம்" என்று இயந்திரம் நின்றுவிடும். வெளிநாட்டுக் கையேடுகள் குளிர்ந்த தண்ணீரையும் ஒரு காரணமாகச் சொல்லும். அது 15 டிகிரிக்குக் கீழே போகும் ஊர்களுக்குத்தான், மார்கழியிலும் நமக்கு அந்தக் கவலை இல்லை.

எனவே பேனலைச் சாராத ஒரு சோதனை வேண்டும். கரைந்திருப்பதன் மொத்த அளவைக் காட்டும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் மலிவு, ஆனால் நம் ஊரில் அதற்கு ஒரு குறை உண்டு. போர் தண்ணீரிலுள்ள கால்சியம், மெக்னீசியம், சல்பேட், பைகார்பனேட் எல்லாவற்றையும் சேர்த்தே அது எண்ணாகக் காட்டும். குளோரைடை மட்டும் காட்டும் சோதனைப் பட்டைதான் மேல். இல்லாவிட்டால் வெள்ளி நைட்ரேட் சொட்டுச் சோதனை: மஞ்சள் நிறம் செங்கல் நிறமாக மாறும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். குளத்தை முதன்முதலாக நிரப்பும் முன் போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து ஒரு முழு அறிக்கை வாங்கி வைத்துக்கொள்வது மிக நல்லது. கோடையில் ஒன்று, மழைக்குப் பிறகு ஒன்று வாங்குங்கள். மணல் பூமியில் நல்ல நீர் உப்பு நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. இறைக்க இறைக்கக் கீழேயிருப்பது மேலே ஏறும். தையில் எடுத்த எண் ஆனியில் உதவாது.

சோதனையிலும் உப்பு உண்மையாகவே குறைந்திருந்தால், 40,000 லிட்டருக்கு 25 கிலோ மூட்டை ஒன்று 625 பி.பி.எம். கூட்டும். 2,400 இருப்பதை 3,200 ஆக்க 32 கிலோ. குளோரினேட்டரை நிறுத்திவிட்டு, பம்பை ஓடவிட்டு, ஆழமில்லாத பக்கம் பரவலாகத் தூவி, தரையில் தங்கும் உப்பை பிரஷ்ஷால் தள்ளிக் கரையுங்கள். மேலே மிதக்கும் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மரில் கொட்டக் கூடாது. ஒரு நாள் முழுக்கச் சுழலவிட்டு மறுபடி அளந்த பிறகுதான் செல்லைப் போட வேண்டும். கணக்கில் வருவதைவிடக் கொஞ்சம் குறைவாகவே போடுங்கள். போட்ட உப்பை எடுக்க, தண்ணீரை வெளியேற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

உப்பு போட்டதும் தண்ணீர் பழுப்பாகிறது

வாலிநோக்கம், மாரியூர் பக்கத்து உப்பளங்களிலிருந்து வரும் கல் உப்பு கைக்கெட்டும் தூரத்தில் மலிவாகக் கிடைக்கிறது. அது நல்ல உப்புதான், ஆனால் பாத்தியில் வாரிய, சுத்திகரிக்காத உப்பில் களிமண்ணும் கால்சியமும் மெக்னீசியமும் கொஞ்சம் இரும்பும் ஒட்டிக்கொண்டிருக்கும். இரும்பு குளோரினைச் சந்தித்ததும் டீத்தண்ணி நிறம் வந்துவிடும், தரையில் கறையாகவும் படியும். 99 சதவீதத்துக்கு மேல் தூய்மையான, அயோடின் சேர்க்காத, கட்டிபிடிக்காமலிருக்க மருந்து கலக்காத தூள் உப்பையே வாங்குங்கள்.

நிறம் ஏற்கெனவே மாறிவிட்டால் குளோரினை ஏற்றாமல், இரும்பைப் பிடித்துவைக்கும் மருந்தைப் போட்டு, ஃபில்டரை இடைவிடாமல் ஓடவிட்டு பேக்வாஷ் செய்யுங்கள். உப்பே போடாத நாளில் புதுத் தண்ணீர் விட்டதும் நிறம் மாறினால் இரும்பு போரிலிருந்து வருகிறது என்று அர்த்தம்.

"உப்பு அதிகம்" என்று காட்டி நின்றுவிடுகிறது

நம் கரையில் இது கோடையின் நோய். நம் கணக்குக் குளத்தில் தினம் 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால் மாதம் 5,700 லிட்டருக்கு மேல் ஈடுகட்ட வேண்டும். அந்தத் தண்ணீர் 3,000 டி.டி.எஸ். உள்ள போர் தண்ணீர் என்றால் மாதம் 17 கிலோ கரைந்த உப்புகள் குளத்துக்குள் இறங்குகின்றன, அதாவது 430 பி.பி.எம். மாசியிலிருந்து ஆனி வரை இப்படியே போனால், ஒரு மூட்டை உப்பு போடாமலே 3,200 இருந்தது 5,000 தாண்டிவிடும். கூடவே கடினத்தன்மையும் ஏறும், அந்தத் தொல்லை தனியாக வரும்.

குறைக்க ஒரே வழி நீர் மாற்றுவது. 5,000 இருப்பதை 3,500 ஆக்க, 500 டி.டி.எஸ். உள்ள தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்ற வேண்டும். குளத்தை முழுசாக வடிக்காதீர்கள். கடற்கரையில் நிலத்தடி நீர் சில அடி ஆழத்திலேயே நிற்கும். காலியான தொட்டியை அந்த நீர் கீழிருந்து தூக்கி, தரையை விரிசல் விடச் செய்யும், மழைக்காலத்தில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். பகுதி பகுதியாகத்தான் மாற்ற வேண்டும்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி காவிரிக் கூட்டுக் குடிநீருக்கு மக்கள் காத்து நிற்கும் மாவட்டம் இது. அந்தக் குழாயிலிருந்து நீச்சல் குளத்துக்கு எடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. மழையைப் பிடியுங்கள். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 30 செ.மீ. மழை பெய்தால் 30,000 லிட்டர், அதில் உப்பும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள், கடல் காற்று மாடியில் படியவைத்த உப்பெல்லாம் அதில்தான் வரும். ஐப்பசிக்கு முன்பே குளத்தின் மட்டத்தை ஒரு அடி இறக்கி வைத்தால் வருஷத்துக்கு ஒருமுறை குளம் தானாகவே நீர்த்துக்கொள்ளும். கோடையில் குளிக்காத நேரம் மூடி போட்டு வைப்பது ஆவியாவதைப் பெருமளவு குறைக்கும்.

வெளியேற்றும் நீரைக் கிணற்றோரமோ தென்னை அடியிலோ விடாதீர்கள், அதில் லிட்டருக்குச் சில கிராம் உப்பு இருக்கிறது. கடலுக்குப் போகும் வாய்க்கால் என்றால் செல்லை நிறுத்தி, குளோரின் பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகு விடுங்கள். ஒரு பக்கம் மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகள், மறுபக்கம் பாக் விரிகுடாவின் கடற்புல் படுகைகளும் கடல் பசுக்களும் இருக்கும் கரை இது.

பேனலில் எல்லாம் சரி, தண்ணீரில் குளோரின் இல்லை

முதலில் சோதனையே சரியா என்று பாருங்கள். குடிநீர்த் தொட்டிக்குப் பயன்படும் மஞ்சள் நிறச் சொட்டு மருந்து மொத்தக் குளோரினைத்தான் காட்டும், கட்டற்ற குளோரினைப் பிரித்துக் காட்டாது. ரோஜா நிறம் வரும் டி.பி.டி. சோதனை வேண்டும். அதிலும் ஒரு கண்ணி உண்டு. குளோரின் மிக அதிகமாக, சுமார் 10 பி.பி.எம்.முக்கு மேல் இருந்தால் நிறம் வந்த வேகத்தில் வெளுத்து, "குளோரினே இல்லை" என்பது போலத் தெரியும். பாதிக்குப் பாதி பாட்டில் தண்ணீர் கலந்து மறுபடி சோதித்தால் உண்மை தெரிந்துவிடும்.

உண்மையிலேயே இல்லையென்றால் சயனூரிக் அமிலத்தை அளக்கவும். குளோரினை வெயிலிலிருந்து காப்பது அதுதான். அது இல்லாத குளத்தில் காலையில் தயாரித்த குளோரின் நம் ஊர் உச்சி வெயிலில் சில மணி நேரத்தில் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். 40,000 லிட்டரில் ஒரு கிலோ போட்டால் 25 பி.பி.எம். ஏறும், பூஜ்யத்திலிருந்து 60 ஆக்க 2.4 கிலோ. பழைய காலுறையில் கட்டி, தண்ணீர் திரும்பி வரும் வாயருகே தொங்கவிடுங்கள். கரைந்து அளவில் தெரிய சில நாள் ஆகும், பொறுமையில்லாமல் மேலும் போட்டுவிடாதீர்கள். 100ஐத் தாண்டினால் குளோரின் இருந்தும் சரியாக வேலை செய்யாது. ட்ரைகுளோர் எனும் குளோரின் மாத்திரையைத் தொடர்ந்து போட்டு வந்த குளங்களில் பெரும்பாலும் இந்தக் கோளாறுதான், ஏனெனில் அந்த மாத்திரையிலேயே சயனூரிக் அமிலம் இருக்கிறது.

அப்புறம் ஓட்டும் நேரம். மணிக்கு 15 கிராம் தயாரிக்கும் செல் 8 மணி நேரம் ஓடினால் 120 கிராம், நம் குளத்துக்கு 3 பி.பி.எம். கோடை நாளில் வெயிலும் குளிப்பவர்களும் சேர்ந்து அதை அப்படியே தின்றுவிடலாம். பேனலில் 50 சதவீதம் என்று வைத்திருந்தால் கிடைப்பது 1.5 மட்டுமே. மின்வெட்டு நேரத்தையும் கழியுங்கள். பல இடங்களில் இயந்திரத்தில் பழுதே இருக்காது, குளத்துக்கு அதன் அளவு போதாமல் இருக்கும்.

வெயில் தின்கிறதா, அழுக்கு தின்கிறதா என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் செல்லை நிறுத்திக் குளோரினை அளவெடுங்கள். விடிவதற்கு முன் மறுபடி அளவெடுங்கள். வித்தியாசம் 1 பி.பி.எம்.முக்குள் என்றால் தண்ணீர் சுத்தம், பகலில் போவது வெயிலால். அதற்கு மேல் குறைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத பாசி வளரத் தொடங்கிவிட்டது. கச்சான் காற்று புழுதியையும் கருவேல இலையையும் கொண்டுவந்து கொட்டும் மாதங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

தண்ணீர் பச்சையாகிவிட்டது

குளோரினேட்டரை நம்பிக் காத்திருக்காதீர்கள். அது தினசரிப் பராமரிப்புக்கானது, வந்துவிட்ட பாசியை அழிக்க அதன் வேகம் போதாது. பி.எச்.சை 7.2க்கு இறக்கி, திரவக் குளோரினை ஊற்றி, சுவரைத் தேய்த்து, ஃபில்டரை இரவும் பகலும் ஓட்டுங்கள். மேலே சொன்ன இரவுச் சோதனையில் இழப்பு நிற்கும்வரை குளோரினை உயரத்திலேயே வைத்திருக்க வேண்டும். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் ஒரே வாளியில், ஒரே கரண்டியில், ஒரே அலமாரியில் சேரவே கூடாது. இரண்டும் கலந்தால் வெளிவரும் குளோரின் வாயு ஆளைக் கொன்றுவிடும்.

தண்ணீர் வரும் வாயில் வெள்ளைச் செதில்கள்

செல்லில் படிந்த சுண்ணாம்பு அது. செல் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மின்னோட்டத்தின் திசையை மாற்றித் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்போது செதில்கள் உதிர்ந்து வருகின்றன. கொஞ்சம் வந்தால் கவலை வேண்டாம். தினம் வந்தால் கடினத்தன்மையோ பி.எச்.சோ அதிகம்.

சுத்தம் செய்ய, மெயின் சுவிட்சை அணைத்து, பம்பையும் நிறுத்தி, செல்லைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். முதலில் குழாய் நீரைப் பீய்ச்சுங்கள். ஈர்க்குச்சியால் மெதுவாகத் தள்ளலாம், ஸ்க்ரூடிரைவர் உள்ளே போகவே கூடாது, பூச்சில் கீறல் விழுந்தால் அந்தத் தகடு போச்சு. அதற்கும் போகாவிட்டால்தான் ஆசிட். பிளாஸ்டிக் வாளியில் நான்கு பங்கு தண்ணீர் எடுத்து, அதில் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை மெல்ல ஊற்றுங்கள். ஆசிட்டின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் அணிந்து, காற்று போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் நின்று செய்யுங்கள். வயர் நனையாதபடி தகடு மட்டும் மூழ்க வேண்டும். நுரை அடங்கியதும் எடுத்துவிடுங்கள், 10 நிமிடம் போதும், 15ஐத் தாண்டக் கூடாது. மிச்ச ஆசிட்டில் ஆப்பசோடாவை, பொங்குவது நிற்கும்வரை சிறிது சிறிதாகப் போட்டுக் கொட்டுங்கள்.

ஒவ்வொரு ஆசிட் குளியலும் பூச்சைக் கொஞ்சம் தின்கிறது. மாதம் தவறாமல் செல்லை ஆசிட்டில் போடும் வழக்கம் நம் பக்கம் பரவலாக இருக்கிறது, அதை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கண்ணுக்குத் தெரியும் படிவு இருந்தால் மட்டும் போதும்.

பி.எச். ஏறிக்கொண்டே இருக்கிறது

செல்லில் குளோரினோடு ஹைட்ரஜன் குமிழிகளும் வருகின்றன. அவை தண்ணீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கிளப்பி வெளியேற்றுவதால் பி.எச். ஏறுகிறது. செயற்கை அருவியும் நீரூற்றும் அதையே செய்யும், தேவையில்லாத நேரம் நிறுத்தி வையுங்கள். போர் தண்ணீரில் காரத்தன்மை அதிகமிருந்தால் வேகம் கூடும். ஒரு தடவைக்குக் கால் லிட்டருக்கு மேல் போகாமல் ஆசிட் விட்டு, சில மணி நேரம் கழித்து அளந்து, நாள் கணக்கில் காரத்தன்மையை 60, 70க்குக் கொண்டுவந்தால் ஏற்றம் மட்டுப்படும்.

"தண்ணீர் ஓட்டம் இல்லை"

ஸ்கிம்மர் கூடை, பம்பு கூடை, ஃபில்டர் அழுத்தம், உறிஞ்சும் பக்கம் காற்று இழுக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். எல்லாம் சரியென்றால், ஓட்டம் இருப்பதைப் பேனலுக்குச் சொல்லும் ஃப்ளோ சுவிட்சின் துடுப்பில் குப்பையோ சுண்ணாம்போ சிக்கியிருக்கும்.

அந்த சுவிட்சை வயரால் இணைத்து, எப்போதும் ஓட்டம் இருப்பதாகப் பேனலை ஏமாற்றிவிட்டுப் போகும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். தண்ணீர் ஓடாமல் செல் மட்டும் ஓடினால் குழாய்க்குள் ஹைட்ரஜன் சேரும், ஒரு பொறி போதும், செல் வெடிக்கும். சுவிட்ச் கெட்டுப்போயிருந்தால் புதுசு வரும்வரை செல்லை நிறுத்தி வைத்துத் திரவக் குளோரினால் ஓட்டுங்கள்.

கண் எரிச்சல், குளோரின் வாடை

வாடை அடித்தால் குளோரின் அதிகம் என்று நினைத்து இயந்திரத்தைக் குறைக்கிறார்கள். பெரும்பாலும் நிலைமை நேர்மாறானது. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து கெட்டுப்போன குளோரின்தான் அப்படி வாடை அடிக்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டத்தில், அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டு மணலோடும் எண்ணெய்த் தலையோடும் நேராகக் குளத்தில் இறங்கும்போது இது வந்தே தீரும். மொத்தக் குளோரினிலிருந்து கட்டற்றதைக் கழியுங்கள். மிச்சம் 0.4க்கு மேல் என்றால் அதன் பத்து மடங்கு அளவு திரவக் குளோரினைப் பொழுது சாய்ந்ததும் போட்டு, அளவு இறங்கும்வரை யாரையும் இறக்காதீர்கள். குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷவரும், இறங்குமுன் குளிக்கச் சொல்ல ஒரு ஆளும் இருந்தால் இந்த வேலை பாதியாகும்.

ஏணியில் துரு, பேனலில் கோளாறு

ஏணி துருப்பிடித்ததும் பழி உப்புக் குளத்தின் மேல் விழுகிறது. காற்றில் வரும் கடல் உப்புதான் பெரிய காரணம். தண்ணீர்க் கோட்டுக்கு மேலேதான் துரு அதிகமா என்று பாருங்கள். 304 ரகத்துக்குப் பதில் 316 ரக எஸ்.எஸ். போடுங்கள், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். நீருக்குள்ளேயே துரு என்றால் எர்த்திங்கைத் தகுதியான ஆள் ஒருவர் சோதிக்க வேண்டும், குளிப்பவர்களின் உயிர் சம்பந்தப்பட்டது அது.

பேனல் கடல் பக்கம் பார்த்து இருக்கக் கூடாது. ஆசிட் கேன் இருக்கும் அறையில் அறவே கூடாது, மூடிய கேனிலிருந்து கசியும் புகையே போர்டைத் தின்றுவிடும். வயர் நுழையும் ஓட்டைகளை அடைத்துவிட்டால் பல்லியும் எறும்பும் போகாது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் அவசியம். செல்லுக்குப் போகும் வயரின் கனெக்டர் தொட்டால் சுடுகிறதா, கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். குறைந்த வோல்டேஜில் நிறைய ஆம்பியர் போகும் இடம் அது, பிடிப்பு தளர்ந்தால் உருகிவிடும்.

எல்லாம் சரிபார்த்தும் குளோரின் வரவில்லை

உப்பு சோதனையில் சரி, தகடு சுத்தம், ஓட்டம் இருக்கிறது, கனெக்டரும் பளிச்சென்று இருக்கிறது, ஆனாலும் ஆம்பியர் ஏறவில்லை என்றால் செல்லின் ஆயுள் முடிந்திருக்கும். 10,000 மணி நேரம் தாங்கும் செல் தினம் 8 மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய மூன்றரை ஆண்டு வரும். பணத்தைப் போடுமுன், அதே மாடல் வைத்திருக்கும் தெரிந்தவரிடமிருந்து ஒரு செல்லை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். அதில் ஆம்பியர் ஏறினால் உங்கள் செல்தான் போயிருக்கிறது. அதிலும் ஏறவில்லையென்றால் பழுது பேனலின் மின்சாரப் பகுதியில்.

புது செல் வாங்கும்போது குளத்தின் கொள்ளளவுக்குச் சரியாக இருப்பதை வாங்காமல் ஒரு படி பெரியதாக வாங்குங்கள். மாட்டிய நாளில் சோதனையில் வந்த உப்பு அளவு, பேனல் காட்டும் உப்பு அளவு, ஆம்பியர் மூன்றையும் தேதி போட்டுப் பேனல் கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள்.